கற்பனை உலகின் பொதுமொழி: எல்லோரும் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள்

கடற்காகம்

வணக்கம் நண்பர்களே. ஒரு மிகுபுனைவு நாவலின் முதல் வரைவை முடித்திருக்கிறேன். படித்துப் பார்த்த தோழி சொன்ன ஒரு குறை இரண்டு வாரமாக மனதை விட்டுப் போகவில்லை. "உன் கதையில் கல் உடைக்கிறவனும் படகு ஓட்டுகிறவளும் அரசனும் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள்" என்றாள்.

கதை ஓர் உள்கடலைச் சுற்றி நடக்கிறது. மேற்கே மலையில் கல்நாட்டார். கடலில், படகிலேயே பிறந்து படகிலேயே சாகிற துடுப்பர். வடக்கே குதிரை மேய்க்கும் புல்வெளியார். கழிமுகச் சதுப்பில் செதிலர். செதிலர் மனிதர்கள் இல்லை. பல்லி போன்ற முகம், ஆனால் பேசுவார்கள். நான்கு இனத்துக்கும் தனித்தனி மொழி. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டுமே என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு 'பொதுமொழி'யை வைத்து, அதை முழுக்க எழுத்துத் தமிழில் எழுதிவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று கதையில் ஒரு வரிதான் இருக்கிறது: ஆதியில் ஒரு பேரரசு இருந்தது, அதன் மொழி.

இப்போது பிரித்துப் போட்டு மறுபடி கட்டத் தயாராக இருக்கிறேன். எங்கே தொடங்குவது?


மையெழுத்து

பேரரசை விடுங்கள். யாருக்கு யாரிடமிருந்து என்ன வேண்டியிருந்தது? அதில் தொடங்குங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நார்வேயின் வடகோடிக்கும் ரஷ்யாவின் வடகரைக்கும் இடையே 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு வணிக மொழி இருந்தது. ருஸ்ஸெநோர்ஸ்க் என்பார்கள். நார்வேக்காரரிடம் மீன், ரஷ்யரிடம் மாவு. சந்திப்பது கோடையில் மட்டும். அந்த மொழியில் நமக்குக் கிடைத்திருப்பவை சுமார் 400 சொற்கள். மீன், மாவு, விலை, கப்பல், குடி என்று அந்தச் சந்தைக்கு வேண்டியவை. இரண்டு மொழியிலிருந்தும் கிட்டத்தட்ட சரிபாதியாகச் சொற்கள் வந்திருக்கின்றன, ஏனென்றால் அங்கே எந்தப் பக்கமும் எஜமான் இல்லை. இல், மேல், கு, உடைய எல்லாவற்றுக்கும் 'போ' என்ற ஒரே இடைச்சொல். வினைச்சொல் என்று காட்ட 'ஓம்' என்ற ஒரே விகுதி.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் பெயர். பேசியவர்கள் அதை 'மோயா போ த்வோயா' என்றார்கள். 'என்னுடையது உன்னுடையதில்' என்று பொருள். நான் உன் பேச்சில் பேசுகிறேன் என்று இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டு பேசியிருக்கிறார்கள்! 1917 புரட்சிக்குப் பிறகு அந்த வணிகம் நின்றது, மொழியும் அதோடு போயிற்று.

'பொதுமொழி' என்று எந்தச் சந்தைக்காரரும் பெயர் வைக்க மாட்டார். உங்கள் உலகத்தில் அதற்கு என்ன பெயர்?


நெடுவழி

நான் மாறுபடுகிறேன். கதை படிக்க வருகிறவருக்கு இதெல்லாம் தேவையில்லை. பொதுமொழி என்பது கண்ணாடிச் சன்னல் மாதிரி. அதன் வழியாகக் கதை தெரிந்தால் போதும், சன்னலையே பார்க்க வைக்கக் கூடாது. உங்கள் பாத்திரங்கள் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள் என்றால் அது பாத்திரப் படைப்பில் உள்ள குறை. நானூறு சொல் அகராதி எழுதினால் அது தீராது.

எழுதுகிற எல்லோரும் உலகம் கட்டுவதிலேயே வருடக்கணக்கில் நின்றுபோவதைப் பார்க்கிறேன். அந்தக் கவலையில்தான் சொல்கிறேன்.


பனிக்கூடு

நெடுவழி சொல்வதில் பாதி சரி. அகராதி எழுதுவதால் மட்டும் குரல் வராது. ஆனால் மொழி எங்கே பிறந்தது என்று தெரிந்தால் குரல் தானாக வரும்.

தோக் பிசின் மொழியைப் பாருங்கள். 800க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள பப்புவா நியூகினியில் இன்று பெரும்பாலோரை இணைப்பது அதுதான். 19ஆம் நூற்றாண்டில் பசிபிக் தோட்டங்களில், வெவ்வேறு தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள் ஒருவரோடு ஒருவர் பேச உருவான பேச்சு அதன் வேர். சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலம். தாடிக்கு 'கிராஸ் பிலாங் ஃபேஸ்', அதாவது முகத்தின் புல்.

இப்போது நாம் கவனிக்க வேண்டிய இடம். ஆங்கிலத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது, இரண்டுக்கும் ஒரே சொல். அந்தத் தீவுகளின் மொழிகளில் உண்டு. கூலிகள் ஆங்கிலச் சொல்லை எடுத்தார்கள், தங்களுக்குத் தேவையான வேறுபாட்டை அதில் தாங்களே செய்துகொண்டார்கள். 'நீ'யையும் 'நான்'ஐயும் ஒட்டி 'யூமி' என்றால் நாம். 'மீபெலா' என்றால் நாங்கள். எஜமானனின் சொல்லை வைத்தே, எஜமானனை வெளியே நிறுத்தும் ஒரு 'நாங்கள்' செய்துவிட்டார்கள். முதல் தடவை படித்தபோது எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

தமிழில் எழுதும் உங்களுக்கு அந்தக் கருவி பிறவியிலேயே கையில் இருக்கிறது. உங்கள் படகுக்காரி மலைக்காரனைப் பார்த்து எந்த அத்தியாயத்தில் முதல்முறை 'நாம்' என்கிறாள்? வரைவைத் திறந்து தேடிப் பாருங்கள்.


கடற்காகம்

பனிக்கூடு, தேடினேன். முதல் அத்தியாயத்திலேயே, முதல் சந்திப்பிலேயே 'நாம் இருவரும்' என்கிறாள். யோசிக்காமல் எழுதியிருக்கிறேன். நூற்றுக்கும் மேல் இடங்களில் 'நாம்' இருக்கிறது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

மையெழுத்து கேட்ட கேள்விக்கு நான்கு நாளாக உட்கார்ந்து விடை கண்டுபிடித்தேன். உப்பு. சதுப்பில் செதிலர் உப்பு விளைவிக்கிறார்கள். மலையில் கல்நாட்டாரிடம் இரும்பு. நடுவில் சுமந்து போகிறவர்கள் துடுப்பர். ஆண்டுக்கு ஒரு முறை, கழிமுகத்தில் நீர் இறங்கும் இருபது நாட்கள் மட்டும், ஒரு மணல் திட்டில் மூன்று இனமும் கூடும். அங்கே பிறந்தது இந்தப் பேச்சு. புல்வெளியார் வெகுகாலம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். பெயர் 'கைநீட்டு'. பண்டத்தைக் காட்டிக் கையை நீட்டுவதுதான் அதன் முதல் சொல் என்பதால்.

இதுவரை செய்த சில சொற்கள்:

ஓர்ரா: உப்பு. உப்புக்கூடை. கூலி.
கிச்சு: இரும்பு. கத்தி. கோபம்.
தால்: கொடு, வாங்கு இரண்டும். கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அதுதான் பொருள்.
நேகா: படகு. பயணம்.
சில்லா: மழை. சந்தை முடிந்தது.
எசி: இல்லை. கெட்டது. உடைந்தது.
லாரு: நல்லது. போதும். நண்பன்.

"ஓர்ரா லாரு, கிச்சு எசி, தால் எசி" என்றால் என் உப்பு நல்லது, உன் இரும்பு உடைசல், தரமாட்டேன்.

கடன் என்ற சொல் இல்லை. அடுத்த ஆண்டு என்ற சொல்லும் இல்லை. இருபது நாளுக்குள் எல்லாக் கணக்கும் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும்.


மையெழுத்து

'சில்லா' அருமை. மழை வந்தால் சந்தை முடிந்தது. ஒரே சொல்லில் அந்த மணல் திட்டு முழுதும் தெரிகிறது.

திட்டுவதற்கும் சில சொற்கள் வையுங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்குப் போன பாஸ்க் திமிங்கில வேட்டைக்காரர்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடுவே இருந்த கலப்புப் பேச்சை ஒரு சொற்பட்டியலாக எழுதி வைத்திருக்கிறார்கள். சூடான பாலும் புது வெண்ணெயும் கொடு என்று கேட்கும் வாக்கியம் அதில் இருக்கிறது, வசவுகளும் இருக்கின்றன. பண்டமாற்று நடக்கிற இடத்தில் இரண்டும் வேண்டியிருக்கிறது.


கல்தச்சன்

சந்தைமொழி சரி. ஆனால் உங்கள் கதையில் ஓர் அரசனும் இருக்கிறான் என்றீர்கள். அரசன் உப்புச்சந்தைப் பேச்சில் உடன்படிக்கை எழுத மாட்டான். அங்கே வேறு மொழி வேண்டும், அதுவும் பெரும்பாலும் யாருடைய தாய்மொழியும் இல்லாத ஒன்று.

எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் 1887இல் களிமண் மடல்கள் கிடைத்தன. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எகிப்திய அரசவையும் கானான் பகுதிச் சிற்றரசர்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவற்றில் நிறைய. மொழி எகிப்தியமும் இல்லை, கானானியமும் இல்லை. மெசொப்பொத்தேமியாவின் அக்காடியம். கானான் எழுத்தர்கள் அக்காடியச் சொற்களை எடுத்துத் தங்கள் மொழியின் வரிசையிலும் வினையுருவிலும் அடுக்கியிருக்கிறார்கள். எழுதியவன் எந்த ஊர்க்காரன் என்று மூவாயிரம் ஆண்டு கழித்தும் அந்த வாக்கியங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் செதுக்கி இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு 1911இல் அங்கே காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. வெறும் மொழிபெயர்ப்பு இல்லை: சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவமான தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. ஆக, ஒரு பொதுமொழி இல்லாமலும் ஒரு துறைமுகம் நடக்கும். உங்கள் மணல் திட்டில் இப்படி ஒரு கல் நிற்கட்டுமே. ஒவ்வொரு இனமும் தன் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, எல்லாப் பக்கமும் ஒன்றைத்தான் சொல்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கட்டும்.

எழுத்துத் தமிழை அரசவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துறைக்குப் பேச்சுத் தமிழ். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கிற மொழிபெயர்ப்பாளன் ஒருவன் கட்டாயம் வேண்டும்.


வெயில்நேரம்

நீ, நீங்கள் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

டோல்கினின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவல் நடக்கும் மத்திய பூமியில் ஒரு பொதுமொழி இருக்கிறது. அதைப் பற்றி 1955இல் வந்த பின்னிணைப்பில் அவர் ஒரு குறிப்புத் தருகிறார். முன்னிலையில் மரியாதை வடிவம், நெருக்க வடிவம் என்று இரண்டு உண்டு. ஷயர் என்ற நாட்டில் வாழும் குள்ள இனமான ஹாபிட்டுகள் பேச்சில் மரியாதை வடிவத்தைத் தொலைத்துவிட்டார்கள். அவர்களில் பிப்பின் என்ற இளைஞன் ஒரு மனித நாட்டின் தலைநகருக்குப் போய், ஆட்சியாளர் உட்பட எல்லோரையும் நெருக்க வடிவத்தில் பேசுகிறான். பணியாளர்கள் திகைக்கிறார்கள். இவன் தன் நாட்டில் மிகப் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று ஊரில் பேச்சுப் பரவ அதுவும் ஒரு காரணம்.

மூல நூலின் மொழியான ஆங்கிலத்தில் இதை இயல்பாகக் காட்டுவது கடினம், பின்னிணைப்பில்தான் விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரே வரியில் காட்டலாம். உங்கள் புல்வெளிக்காரன் கைநீட்டுப் பேச்சைப் பிந்திக் கற்றவன், கற்றது படகுக்காரப் பையன்களிடம். அவனுக்கு 'நீ' மட்டும்தான் தெரியும். அவன் நேராக அரசன் முன்னால் போய் "நீ உட்கார், நான் சொல்கிறேன்" என்கிறான். வாயிற்காவலன் வேலைத் தாழ்த்துகிறான். அரசன் என்ன நினைக்கிறான் என்பதை நீங்கள் எழுதுங்கள்.


நெடுவழி

இதை ஏற்றுக்கொள்கிறேன். இந்த அளவில் இருந்தால் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும், கதையும் நகரும். மேலே சொன்னதைக் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்.


சதுரக்கல்

சின்னக் கேள்வி. செதிலருக்குப் பல்லி முகம் என்றால் மனிதர் ஒலிகள் எப்படி வரும்? கைச்சைகை வைக்கலாமே. வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் வெவ்வேறு மொழி பேசிய பழங்குடிகளுக்கு நடுவே கைச்சைகைதான் பொதுமொழியாக இருந்தது. 1930இல் மொன்டானாவின் பிரவுனிங்கில் பல இனத்தார் கூடிச் சைகையில் பேசியதைப் படமே பிடித்திருக்கிறார்கள். தொண்டையும் உதடும் ஒத்துவராத இடத்தில் கை ஒத்துவரும்.


ஏட்டுச்சுவடி

தம்பி கடற்காகம், இழையை இன்றுதான் முழுதும் படித்தேன். சதுரக்கல்லின் கேள்வி என்னை உங்கள் சொற்பட்டியலுக்குத் திருப்பி அனுப்பியது. ஓர்ரா, கிச்சு, தால், நேகா, சில்லா, எசி, லாரு. ஏழு சொல்லிலும் ப இல்லை, ம இல்லை, வ இல்லை. தெரிந்து செய்தீர்களா?

நன்னூல் சொல்வது: மேலுதடும் கீழுதடும் பொருந்தினால் ப, ம பிறக்கும். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் வ. பல்லி முகத்தில் உதடு ஏது? ஆக உங்கள் செதிலருக்கு இந்த மூன்றும் வராது. முதல் உப்பை விற்றவர்கள் அவர்கள்தான், அதனால் கைநீட்டு அவர்கள் வாய்க்கு அடங்கும் பேச்சாகவே பிறந்திருக்கிறது. நீங்கள் அறியாமல் செய்திருந்தாலும் கை சரியாகத்தான் செய்திருக்கிறது.

இனி இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவாருங்கள். உதடு ஒட்டாமல் பாடுவது நம்மிடம் பழைய கலை. இதழகல் என்றும் நிரோட்டம் என்றும் சித்திரகவியில் ஒரு வகை. குறளில் 341ஆவது குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரு தடவைகூட ஒட்டாது. பற்றுகளிலிருந்து நீங்குவதைப் பற்றிய குறள் அது. செதிலர் பேசும் வரிகள் அத்தனையையும் ப, ம, வ இல்லாமல் எழுதுங்கள். வாசகர் காரணம் தெரியாமலே வேறொரு குரலைக் கேட்பார்.

அப்படி எழுதத் தொடங்கினால் என்னென்ன போகும் என்று நேற்றிரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அம்மா, அப்பா போகும். தாய், தந்தை இருக்கும். வா, போ இரண்டும் போகும். செல், நட இருக்கும். அன்பு போகும், காதல் இருக்கும். ஆமாம் போகும், இல்லை இருக்கும். சரி, இதெல்லாம் சொல் அளவில். இலக்கணத்துக்கு வாருங்கள்.

பனிக்கூடு சொன்ன நாம், நாங்கள் நினைவிருக்கிறதா? 'நாம்' என்பதில் ம் இருக்கிறது. 'நாங்கள்' என்பதில் இல்லை. செதிலர் 'நாங்கள்' என்று சொல்லலாம். 'நாம்' என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

அத்தோடு நிற்கவில்லை. வந்தோம், செய்தோம் என்று தன்மைப் பன்மை வினை எதை எடுத்தாலும் கடைசியில் ம். பழைய விகுதிகளுக்குப் போனாலும் அம், ஆம், எம், ஏம், ஓம், எல்லாம் ம். தப்ப வழியே கிடையாது.

அடுத்து எதிர்காலம். தமிழில் எதிர்காலத்தைக் காட்டும் இடைநிலைகள் ப், வ். நடப்பேன், செய்வேன். அஃறிணைக்கு உம்: நடக்கும், செய்யும். மூன்றும் உதடு. இறந்தகாலத்தின் த், ட், ற், இன் நான்கும் வரும். நிகழ்காலத்தின் கிறு, கின்று வரும். எதிர்காலம் மட்டும் வாயில் வராது. 'மாட்டேன்' வராது, ஆனால் பழைய எதிர்மறை 'செய்யேன்' வரும். அதாவது, செதிலர் ஒருத்தி மறுக்கலாம். வாக்குக் கொடுக்க முடியாது.


பனிக்கூடு

ஐயா, இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாற்பது வருடமாகப் பேசுகிற மொழியில் எதிர்காலம் முழுதும் உதட்டில் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.


கடற்காகம்

ஐயா, சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். முதலில் ஒரு வரி எழுதவே அரைமணி நேரம் ஆனது. 'உன்னிடம்' என்று எழுதினால் ம் வந்து நிற்கிறது, 'உனக்கு' என்று மாற்ற வேண்டியிருக்கிறது. 'உப்பு' என்றே சொல்ல முடியாது. உப்பு விற்கிறவர்களுக்கு உப்பு என்ற சொல் இல்லை! அதனால் அவர்கள் மட்டும் இன்னும் 'ஓர்ரா' என்கிறார்கள்.

இதோடு கதையே திரும்பிவிட்டது. மணல் திட்டில் இப்போது நிரந்தர ஊர் வந்துவிட்டது. கல்நாட்டாரும் துடுப்பரும் அங்கே கல்யாணம் செய்து குடும்பமாக இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கைநீட்டுதான் தாய்மொழி. தோக் பிசின் பேசும் வீடுகளில் நடந்தது போலவே இவர்கள் அதை வளர்க்கிறார்கள், காலம், இணைப்பு, தாலாட்டு எல்லாம் சேர்க்கிறார்கள். ஆனால் உதடுள்ள பிள்ளைகள். அவர்கள் சேர்த்த இலக்கணம் முழுதும் உதட்டில் இருக்கிறது. பேச்சைத் தொடங்கிவைத்த செதிலர் அந்தப் பேச்சுக்கே வெளியாட்கள் ஆகிவிட்டார்கள். "சதுப்புக்காரர் வாக்குக் கொடுக்க மாட்டார்கள்" என்பது இப்போது அந்த ஊரில் பழமொழி.


நெடுவழி

கடற்காகம், இது நல்ல கதை. அதனால்தான் ஒன்றை எச்சரிக்கிறேன். எதிர்கால வினை இல்லாத இனத்துக்கு எதிர்காலச் சிந்தனையே இல்லை என்று வாசகர் நினைத்துவிடக் கூடாது. அது உண்மையும் இல்லை. ஃபின்னிய மொழியில் எதிர்காலத்துக்கென்று தனி வினையுரு கிடையாது. அதைப் பேசுகிறவர்கள் நாளையைப் பற்றித் திட்டமிடாமலா இருக்கிறார்கள்? நாமே விடைபெறும்போது "போய் வருகிறேன்" என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? அதைக் கேட்டு யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆக குறை செதிலரிடம் இல்லை, கேட்கிற ஊர்க்காரர் காதில் இருக்கிறது. செதிலர் கிழவி "நாளை நிற்கிறேன்" என்கிறாள், அவள் அளவில் அது முழு வாக்கு. எதிரே இருப்பவன் "நிற்பேன் என்று சொல்" என்கிறான். அந்தக் காட்சி இல்லாமல் இந்த நாவல் வரக் கூடாது.


ஏட்டுச்சுவடி

நெடுவழி சொன்னது மிகச் சரி. ஒரு வழியும் இருக்கிறது.

பழந்தமிழில் தன்மை ஒருமைக்கு 'கு' என்று ஒரு விகுதி உண்டு. உண்கு என்றால் உண்பேன். செல்கு என்றால் செல்வேன். செய்கு என்றால் செய்வேன். எதிர்காலத்தை அந்தக் 'கு'வே காட்டிவிடும், ப், வ் தேவையில்லை. உதடு ஒட்டாத எதிர்காலம் தமிழில் இருந்தது. வழக்கொழிந்துவிட்டது, அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகள் மறந்துபோன பழைய கைநீட்டை உங்கள் கிழவி மட்டும் நினைவில் வைத்திருக்கட்டும்.


கல்தச்சன்

அந்தக் கல் இன்னும் மணல் திட்டில் நிற்கிறதென்றால், 'கு' அதில் செதுக்கியிருக்கட்டும்.


கடற்காகம்

கல்தச்சன், அது கடைசி அத்தியாயத்துக்கு. எடுத்து வைத்துக்கொண்டேன்.

காட்சியின் முதல் வடிவம் கீழே. பையன் ஊரில் பிறந்தவன், பெயர் மாபி. கிழவியால் அந்தப் பெயரையே சொல்ல முடியாது, அதனால் அவனைச் 'சின்னக்கை' என்று கூப்பிடுகிறாள். உப்புத்துறைக் கணக்கன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மாபி தராசைக் கீழே வைத்தான். "கூடை மூணு குறையுது, கிழவி. நாளைக்குக் கொண்டு வருவியா, மாட்டியா?"

"நாளை இங்கே நிற்கிறேன், சின்னக்கை. கூடை என் தலையில் இருக்கிறது, கண்டாயா? அதைத் தருகிறேன்."

"தருகிறேன்னா எப்போ? இப்பவா? உன் தலையில ஒண்ணும் இல்லையே. தருவேன்னு சொல்லு."

கிழவி வாயைத் திறந்தாள். தாடையின் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசின. "தரு..." என்றாள். மறுபடி, "தரு..."

கணக்கன் பலகையில் ஒரு கோடு இழுத்தான். "எழுதிக்கோடா. சதுப்புக்காரங்க வாக்குக் குடுக்க மாட்டாங்க."

அவள் குனிந்து, கூடையின் அடியில் ஒட்டியிருந்த ஒரு கட்டியைப் பெயர்த்து மாபியின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"என் தாயின் தாய் இதே துறையில் உன் தாத்தனுக்குத் தந்த சொல் ஒன்று இருக்கிறது. இன்று யாரும் கேட்காத சொல். ஓர்ராக் கட்டியைக் கையில் எடுத்தாள், இந்தச் சொல்லைச் சொன்னாள், அடுத்த ஆண்டு நீர் இறங்கிய அன்றே கூடையோடு நின்றாள். கேள், சின்னக்கை. உனக்குச் சொன்னதைச் செய்கு."

மாபிக்கு அந்தக் கடைசிச் சொல் புரியவில்லை. கணக்கனுக்கும் புரியவில்லை. கை மட்டும் திறக்கவில்லை.


வெயில்நேரம்

"தரு..." என்று நின்றுபோகிற இடத்தில் நானும் அவளோடு சேர்ந்து வாயைத் திறந்துவிட்டேன்.


மையெழுத்து

மாபி அவளை 'நீ' என்கிறான், அவளும் அவனை 'நீ' என்கிறாள். இரண்டு 'நீ'யும் வேறு வேறு. அப்படியே விட்டுவிடுங்கள், எதையும் விளக்காதீர்கள்.


ஏட்டுச்சுவடி

தம்பி, கிழவியின் வரிகளை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரே ஓர் இடம். 'யாரும்' என்பதில் ம் இருக்கிறது.


கடற்காகம்

ஐயா, பத்து தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. மாற்றிவிட்டேன்: "இன்று கேட்க ஆளில்லாத சொல்."